ஜெர்மன்ல ஏதாச்சும் பேசு

வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழியும் பண்பாடும் படிக்கச் சேர்ந்திருந்த கௌசிகா, ஞாயிறு மாலை விடுதி மொட்டைமாடியிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தாள். அம்மா உடனே ஸ்பீக்கரில் போட்டாள்.

"சித்தியெல்லாம் வந்திருக்காங்க கண்ணு. ஜெர்மன்ல ஏதாச்சும் பேசு."

இங்கே என்னோடு பேச ஒருவரும் இல்லை, வீட்டுக்கே வந்துவிடட்டுமா என்று கௌசிகா அந்த மொழியில் கேட்டாள். அந்தப் பக்கம் கைதட்டினார்கள்.

"பாட்டாட்டம் இருக்குது. இன்னொருக்கா சொல்லு சாமி," என்றாள் சித்தி.

மறுபடியும் சொன்னாள். இந்த முறை நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்லி முடித்தாள்.

"அப்படின்னா என்ன?" என்றாள் சித்தி.

"எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டேன்."

சித்தியின் சிரிப்பு பாதியில் நின்றது. அம்மா ஸ்பீக்கரை அணைத்திருந்தாள்.

"அப்பாவ அனுப்பட்டுமா, கண்ணு?"