மெலிந்த கட்டு

மாலை வகுப்பில் எல்லோரும் ஆங்கிலச் சொற்களை அட்டைகளில் எழுதிக் கட்டாக வைத்திருந்தார்கள். பொருளைச் சரியாகச் சொன்னால், கேட்கும் தோழி அந்த அட்டையை உருவிவிட வேண்டும். தேர்வில் முதலாவதாக வருபவளுக்குத்தான் விடுதிப் பள்ளியில் இந்த ஊருக்கான ஒரே ஓர் இடம். முதல் வாரமே ரெஜினா நாற்பது அட்டைகளைக் கரைத்தது அவளிடம் பொருள் கேட்கும் செண்பகாவுக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து ரெஜினா தப்பாகச் சொன்னதற்கும் “சரிதான்டி” என்று செண்பகா அட்டையை உருவினாள். அப்படி உருவியதைத் தேதி போட்டு நோட்டிலும் எழுதினாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது.

தேர்வுக்கு முந்தின நாள் டீச்சர் ரெஜினாவின் கட்டைத் தூக்கிக் காட்டினார்.

“பாருங்க, பத்தே அட்டை! கை தட்டுங்க.”

செண்பகாவும் தட்டினாள். தானே மெலிய வைத்த கட்டுதான்; அதைப் பார்த்தும் வயிறு எரிந்தது.

வகுப்பு முடிந்ததும் ரெஜினா ஒரு தடித்த கட்டை நீட்டினாள். “உன்னோடதுடி. கோவிச்சுக்காத, நீ கொஞ்சம் தடுமாறினாலும் நான் எடுக்கல. வா, உட்கார்ந்து முடிச்சிரலாம். எனக்குத்தான் படிக்க அதிகம் இல்லையே.”

செண்பகா பைக்குள் கையை விட்டாள். அடியில், ரெஜினா தப்பாகச் சொல்லியும் உருவிய அறுபத்து மூன்று அட்டைகள், ரப்பர் பேண்டு போட்டபடி. விரல் அதைத் தொட்டு நின்றது.

“என்னடி தேடுற?” என்று ரெஜினா எட்டிப் பார்த்தாள்.