நைனா போட்ட கையெழுத்து

"மேடம், நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு வாடகை அப்பா சுத்திட்டு இருக்கார்."

ஆறாம் வகுப்பு டீச்சர் ஸ்வர்ணலதா மூச்சு வாங்க இப்படிச் சொன்னதும், தலைமையாசிரியை கைசர் ஜஹான் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

ஸ்வர்ணலதா இந்த மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அன்றைக்கு ரேங்க் கார்டு நாள். அப்பா அம்மாக்கள் வந்து, நாலு வார்த்தை கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

தீபிகாவோடு வந்தவர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பேர் கரீமுல்லா. ராயப்பேட்டையில் பைக்குக்கு சீட் கவர் தைக்கிற கடை. கணக்கில் எப்படி முப்பத்தெட்டு, மீதி எங்கே போச்சு, பின்னம் என்றால் என்ன, அது ஏன் இந்தப் பெண்ணுக்கு ஏறவில்லை என்று கேட்டுக் குடைந்துவிட்டார். தீபிகாவோ வாய்க்கு வாய் "நைனா, போதும் நைனா" என்றாள்.

அப்பா கரீமுல்லா, பெண் தீபிகா. காதல் கல்யாணமாக இருக்கும், நமக்கென்ன என்று விட்டுவிட்டாள் ஸ்வர்ணலதா.

ஸ்டேப்ளர் வாங்க நாலாம் வகுப்புக்குப் போனால் அங்கேயும் அவர். ஃபைசானுக்கு நைனா.

தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினால் எட்டாம் வகுப்பு வாசலில் சக்திவேலுக்கு நைனா. "இவன் ஒழுங்காத்தான் குந்திக்கினு எழுதறான் சார், எழுத்துதான் குந்த மாட்டேங்குது" என்று அந்த வாத்தியாரிடம் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ஸ்வர்ணலதாவுக்குப் பொறி தட்டியது. மார்க் குறைந்த பிள்ளைகள் சேர்ந்துகொண்டு, வீட்டுக்குத் தெரியாமல் ஒரு ஆளைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

தீபிகாவின் ரேங்க் கார்டும் கையுமாகத் தலைமையாசிரியையிடம் ஓடினாள். கரீமுல்லாவுக்கு ஆள் போனது. சட்டையெல்லாம் நூல் துணுக்கோடு அவர் வந்து நின்றார். பின்னாலேயே வந்த தீபிகா கதவோரம் ஒட்டிக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லுங்க," என்றாள் ஸ்வர்ணலதா. "அப்பாவா நடிக்கறதுக்கு இந்தப் பசங்க உங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

"ஆளுக்கு ஒரு கம்மர்கட்டு மிஸ். ஃபைசான் மட்டும் பாதியக் கடிச்சிட்டுக் குடுத்தான்."

கைசர் ஜஹானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் போட்டார். இவர்கள் எல்லாம் அபிராமபுரத்தில் ஒரு ஹோமில் வளர்கிறவர்கள், அப்பா அம்மா இல்லாத பதினோரு பிள்ளைகள். ரேங்க் கார்டு நாளில் இதுகள் மட்டும் ஆளில்லாமல் நிற்கக் கூடாது என்று நாலு வருஷமாக இவர் கடைக்குப் பூட்டைப் போட்டுவிட்டு வருகிறார். அதற்கு ஹோம் கொடுத்த கடிதம்தான் இது, கீழே கரீமுல்லாவின் கையெழுத்து. புது டீச்சருக்குச் சொல்லாமல் விட்டது தன் தப்புதான் என்றார்.

ஸ்வர்ணலதாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள், கடிதத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"மேடம், ரெண்டு கையெழுத்தும் வேற வேற."

வேறுதான். கடிதத்தில் ஒரே இழுப்பாக இழுத்திருந்தது. ரேங்க் கார்டிலோ கோடு போட்ட நோட்டில் எழுதின மாதிரி உருண்டை உருண்டையாக 'கரீமுல்லா'. அடியில் ஒரு அலைக்கோடு, அதன் மேல் இரண்டு புள்ளி.

இப்போது கைசர் ஜஹானின் சிரிப்பும் போய்விட்டது. பிள்ளைகள் விஷயம், ஆபீசர் வந்து கேட்டால் நான்தான் பதில் சொல்லணும் என்றார். எதற்காக இரண்டு விதம் என்று தெரியாமல் இனிமேல் அவரைப் பெற்றோர் நாற்காலியில் உட்கார வைக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

கதவோரமிருந்து தீபிகாவின் குரல் வந்தது. "நைனா வரலைன்னா நாங்க யாருகிட்ட மிஸ் திட்டு வாங்கறது?"

கரீமுல்லா அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட பழைய ரேங்க் கார்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

அவருடைய மகள் ருக்சாருடையது. அவளும் ஆறாம் வகுப்பு, வேறு பள்ளிக்கூடம். ஒவ்வொரு ரேங்க் கார்டுக்கும் நீ வா நைனா, வா நைனா என்று கையைப் பிடித்து இழுப்பாளாம். கடையில் சீட் குவிந்து கிடக்கும். அடுத்த தபா வரேன் என்று அனுப்பிவிடுவாராம். இப்படியே ஐந்து அடுத்த தபா. அப்புறம் ஒரு காய்ச்சல், மூன்றே நாள். எல்லாம் முடிந்த பிறகுதான் அவள் பையைத் திறந்து பார்த்தாராம்.

ஸ்வர்ணலதா உறையைப் பிரித்தாள். ஐந்து கட்டத்திலும் உருண்டை உருண்டையாக 'கரீமுல்லா'. அடியில் அதே அலைக்கோடு, அதே இரண்டு புள்ளி.

"அப்பவே நீங்க இப்படித்தான் போடுவீங்களா?" என்றாள், குரல் இறங்கி.

"நான் எங்க மிஸ் போட்டேன்? அஞ்சும் அந்த வாலு தானே போட்டுக்கினது." கரீமுல்லா சிரித்தார். தீபிகாவின் கார்டை எடுத்து அவளிடமே நீட்டினார். "எங்க நைனா வந்து பாத்துட்டாருன்னு எனக்காக அஞ்சு பொய் சொல்லிக்கீறா. அத நெசமாக்கத்தான் வந்துகினு கீறேன்."