காருக்குக் காவல்

"இன்சூரன்ஸுக்குத் தனியா அறுநூறு ரூபாயா?" என்று கொதித்தான் பழனிவேல்.

மைசூரில் அந்த வாடகைக் கார் கடையின் தருண்குமார் பொறுமையாக விளக்கினான். "கட்டிட்டா கீறல், நசுங்கல் எல்லாம் எங்க பொறுப்பு சார். கட்டலேன்னா பத்தாயிரம் வரைக்கும் நீங்கதான் கொடுக்கணும்."

"நான் பாத்து ஓட்டுவேன். வேண்டாம்."

காரின் பழைய கீறல்களைப் போனில் படம் பிடிக்கப் பழனிவேல் வெளியே போனான். மனைவி சொர்ணலதா சற்றுப் பின்னால் வந்தாள்.

மறுநாள் மார்டள்ளி கிராமத்தில் அவள் தம்பிக்குக் கல்யாணம். மண்டப வாசலில் ஓர் ஆடு காரின் மேல் முன்னங்காலை வைத்தது. பழனிவேல் பதறி விரட்டினான்.

"ஏனுங்க, நீங்க இங்கயே இருந்து வண்டியப் பாத்துக்குங்க. பத்தாயிரமாச்சே!" என்றாள் சொர்ணலதா.

காரை நிழலுக்கு நகர்த்தினான். மேலே தென்னங்குலை தெரிந்தது, மறுபடி நகர்த்தினான். உள்ளே கெட்டிமேளம் கொட்டியபோதும் காரைத்தான் சுற்றிக்கொண்டிருந்தான். சாப்பாடுகூட வெளியே வந்தது.

மைசூர் திரும்பியதும் தருண்குமார் காரைச் சுற்றிப் பார்த்தான். "ஒரு கீறல்கூட இல்ல சார்."

"பாத்தியா புள்ள, அறுநூறு மிச்சம்!"

"மிச்சமா? மேடம் அன்னிக்கே இன்சூரன்ஸ் கட்டிட்டாங்களே."

பழனிவேல் மனைவி பக்கம் திரும்பினான். "அப்புறம் எதுக்கு என்னைய வெயில்ல காவல் வெச்ச?"

"என் தங்கச்சி கல்யாணத்துல உங்களுக்கு மாப்பிள்ளை மரியாதை பத்தலைன்னு பந்தியில எலையத் தூக்கி எறிஞ்சீங்க. தம்பி கல்யாணமாச்சும் ஒரு கீறல் இல்லாம முடியட்டும்னுதானுங்க."