கீரித் தலைவரின் சத்தம்

பனியே விழாத ஒரு மேட்டுச் சரிவில் நார்ப் பாய் விரித்து, விலங்குகள் வருஷா வருஷம் சறுக்குப் போட்டி நடத்தின. அணிக்கு மூவர்; அவர்களில் இருவர் எல்லைக் கோட்டைத் தொட்டால் போதும். ஓர் அணியில் கீரி தலைவர், கூட அணிலும் முள்ளம்பன்றியும். அவை இரண்டின் பின்னாலேயே சறுக்கிக்கொண்டு கீரி, "இடது பக்கம் திரும்பு! குனி! அறிவிருக்கா?" என்று அடிவாரம்வரை கத்தும். நான்கு வருஷமாக அந்த அணிக்குக் கடைசி இடம்தான்.

இந்த வருஷம் கொடி அசைந்ததுமே, கீரி காலில் கட்டியிருந்த சறுக்குக் கட்டையின் வார் அறுந்துபோயிற்று. வாயைத் திறப்பதற்குள் கீரி உருண்டுபோய்ப் புதருக்குள் விழுந்தது.

'போச்சு! நான் சொல்லாமல் அதுகளுக்குத் திரும்பக்கூடத் தெரியாதே!' என்று பதறி, நொண்டிக்கொண்டே இறங்கியது.

அடிவாரத்தில் அணிலின் கையில் கோப்பை. கீரி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தது.

"முதல் இடமா? நீங்களா?"

"ஆமாண்ணே!" என்று அணில் துள்ளியது. "வழி நெடுக உங்க சத்தமே கேக்கல. அண்ணன் நம்மள நம்பி விட்டுட்டாருன்னு இவன் அழுதுட்டான்."

முள்ளம்பன்றி கண்ணைத் துடைத்துக்கொண்டது. "நாலு வருஷமா அதுக்குத்தாண்ணே காத்துக்கிட்டிருந்தோம்."

கீரி தன் வாலில் ஒட்டியிருந்த புதர் முள் தெரியாதபடி வாலை மெல்லப் பின்னால் சுருட்டிக்கொண்டது.

"ஆமாம்ப்பா, நம்பித்தான் விட்டேன்," என்றது. அவ்வளவு தாழ்ந்த குரலை அதனிடம் யாரும் கேட்டதில்லை.