பெயர் தெரியாத நீலப்பூ

"அக்கா, தலையைக் காணேல்லை! கழுத்தோட கிள்ளியிருக்கு!"

லதீசன் போனில் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. புலம்பெயர்ந்து வந்த மோர்டனில் பக்கத்து வீடும் தமிழ் வீடுதான். பாவம், பயந்துபோனார்கள்.

அரை மணி நேரத்தில் அந்த அக்கா, ஏஞ்சலா, வந்து சேர்ந்தார். தாவரத் தோட்டத்தில் லதீசனுக்கு மேலதிகாரி. பின்வாசல் படியில் இருந்த மணல் தொட்டியில் பூ இல்லாத தண்டு மட்டும் நின்றது.

பெயர்ச்சீட்டுத் தொலைந்த அமெரிக்க விதைகளில் முளைத்தது இது ஒன்றுதான். காய்ந்த மணல் புல்வெளிச் செடி. தோட்டத்து ஈரம் ஒத்துக்கொள்ளாது என்று லதீசன் வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று வருடம் பிள்ளை மாதிரி வளர்த்தான். இது இன்ன இனம் என்று உறுதிப்படுத்திவிட்டால் அவனுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாத முடிவோடு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

"இலையை வச்சுச் சொல்லேலாதோ அக்கா?"

"ஏலாது லதீசன். இதே இலையோட நாலு சாதி இருக்கு. பூவை விரிச்சு உள்மடிப்பைப் பாக்கோணும். நீர் படம் எடுக்கேல்லையோ?"

"நேற்று அரைவாசிதான் விரிஞ்சது. இண்டைக்கு முழுசா விரியட்டும், எடுப்பமெண்டு இருந்திட்டன்."

"வேற மொட்டு?"

"ஒண்டுதான் வந்தது. இனி அடுத்த வருசம்தான்."

"அப்ப திங்கக்கிழமை மேலிடத்துக்கு நான் என்னத்தைக் காட்டுறது? தண்டையோ?"

வேலியில் ஓர் அணில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. லதீசன் அதை முறைத்த முறைப்பில் அது பத்து வீடு தாண்டி ஓடியிருக்க வேண்டும், அசையவேயில்லை. அம்மா அருமைநாயகி வீட்டில் நின்றிருந்தால் ஒரு காகம்கூடத் தொட்டியை அண்டியிருக்காது. புரட்டாசிச் சனி விரதமென்று அவர் விடியவே கோயிலுக்குப் போய்விட்டார்.

ஏஞ்சலா பூதக்கண்ணாடியை எடுத்துத் தண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு அதைப் பைக்குள் வைத்துவிட்டார். லதீசனால் தாங்க முடியவில்லை. படியில் உட்கார்ந்து அழுதேவிட்டான்.

கேற் திறந்தது. கோயிலிலிருந்து வந்த அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து மகனின் நெற்றியில் திருநீறு பூசினார்.

"ஏன் அப்பன் அழுறாய்? ஏழரைச் சனி இனி உன்னை ஒண்டும் செய்யாது. வேலை நிரந்தரம்தான்."

"எப்பிடியம்மா?"

"சனீஸ்வரனுக்கு நீலப்பூவெண்டால் உயிரெல்லே. விடிய உன்ர பூவைத்தான் ஆய்ஞ்சுகொண்டு போய் வச்சிட்டு வாறன்!"