மூழ்காதவன்

வடகடல் சண்டையில் எங்கள் தெரு ஆண்கள் போயிருந்த போர்க்கப்பல் மூழ்கிய செய்தி வந்ததும், போர்ட்ஸ்மவுத்தில் எங்கள் தெரு முழுக்கத் துக்கத்துக்காக ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டார்கள். ஹெஸ்டர் மட்டும் மூடவில்லை.

"செத்தவங்களுக்காவது மரியாதை குடுடி," என்றாள் எதிர்வீட்டு டார்கஸ்.

"என் புருஷன் சாகல. பாப்பா பொறந்தப்போ தலையில ஒட்டியிருந்த சவ்வு அவர் கழுத்துல தொங்குது. அவர் எப்படி மூழ்குவாரு?"

அந்தச் சவ்வை வைத்திருப்பவனைக் கடல் கொள்ளாது என்பது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ மாலுமிகள் கேட்டும் கொடுக்காமல், அதைத் துணியில் தைத்துப் புருஷன் ஆம்ப்ரோஸுக்குக் கட்டிவிட்டிருந்தாள் ஹெஸ்டர்.

மறுவாரம், தப்பிப் பிழைத்த சிலரில் ஒருவனான கிளெம் அவள் வாசலில் வந்து நின்றான். அவன் புருவம் கருகியிருந்தது.

"சொல்லு கிளெம், அவர் மூழ்கல இல்ல?"

"மூழ்கல அண்ணி."

"கேட்டியா டார்கஸ்!" ஹெஸ்டர் தெருவே அதிரக் கத்தினாள். "உள்ள வா கிளெம், டீ போடறேன். எந்த ஆஸ்பத்திரியில இருக்காரு?"

கிளெம் நகரவில்லை. தொப்பியைக் கசக்கிக்கொண்டே நின்றான்.

"அண்ணன் வெடிமருந்து அறையில இருந்தாரு. அது வெடிச்சப்போ கப்பல் மிதந்துக்கிட்டுதான் இருந்துச்சு அண்ணி. அவர் மேல ஒரு சொட்டுத் தண்ணிகூடப் படல."