பத்து எண்ணும்வரை

மழை இருட்டில் வாவியும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடக்கின்றன. யன்னலோரக் கட்டிலில் ஸாலிஹா மல்லாந்து படுத்திருக்கிறாள். தேய்ந்துபோன முழங்காலுக்குக் கீழே துவாயொன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் காலால் அமுக்கிப் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். பயிற்சி கொடுக்கும் தனுஷியா அவளுடைய தொடையில் கைவைத்து இறுக்கம் பார்க்கிறாள். "எண்ணுறீங்களா உம்மா? சத்தம் கேக்கல்லியே." "எண்ணுறன் மகள்." உதடுகள் அசைகின்றன. ஆனால் அவள் சொல்வது இலக்கமல்ல. நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூது செய்கையில் ஓதும் 'சுப்ஹான ரப்பியல் அஃலா'வைத்தான் ஒவ்வோர் அமுக்கலுக்கும் பத்துத் தடவை சொல்கிறாள். ஏழு மாதமாக அவள் கதிரையில் உட்கார்ந்துதான் தொழுகிறாள். "இதெல்லாம் செஞ்சா நிலத்துல தொழ ஏலுமா மகள்?" தனுஷியா போர்வையின் சுருக்கத்தை நீவிவிடுகிறாள். "முழங்கால் நோ குறையும் உம்மா. நல்லா நடக்கலாம். தொழுறதுக்குக் கதிரைதான்." பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லி முடிகிறது. ஸாலிஹா மறுபடி துவாயை அமுக்குகிறாள். உதடுகள் அதே சொற்களுக்குத் திரும்புகின்றன. நெற்றி மட்டும் கூரையைப் பார்த்தபடி கிடக்கிறது.